அரை மாங்காய்ப் புடவை

சூடேறிய வைக்கோலுக்கென்று ஒரு வாசனை உண்டு. புளித்த நீராகாரம், காய்ச்சிய வெல்லம், ஈரச்சாக்கு மூன்றும் கலந்தாற்போல இருக்கும் அது, மாடு கட்டிய வீட்டில் வளர்ந்தவர்களுக்குச் சொல்லாமலே விளங்கும், மற்றவர்களுக்கு எவ்வளவு சொன்னாலும் விளங்காது. போன சித்திரையில் என் மகள் கயல், அம்மாவின் டிரங்குப் பெட்டியைத் திறந்து, பழைய வேட்டியில் சுற்றி வைத்திருந்த பட்டுப்புடவையை எடுத்து உதறியபோது, தஞ்சாவூரில் மூன்றாவது மாடியில் இருக்கும் எங்கள் வீட்டுக்குள் அந்த வாசனை வந்து நின்றது. நாற்பது வருடங்களுக்கு மேலாகிவிட்டது, எத்தனையோ முறை அலசி நிழலில் உலர்த்திய துணி, அதில் வைக்கோல் வாசனை மிச்சமிருக்க வழியே இல்லை. கயலுக்கு அந்துருண்டை வாசனை மட்டும்தான் வந்ததாம். எனக்கு மற்றது வந்தது.

அம்மா இறந்து அப்போது மூன்று மாதம். ஆவணியில் கயலுக்குக் கல்யாணம் என்று நாள் குறித்திருந்தோம். அம்மாச்சியின் புடவையையே முகூர்த்தத்துக்குக் கட்டிக்கொண்டால் என்ன என்று அவளுக்கு ஓர் ஆசை. சென்னையில் அவளோடு வேலை பார்க்கும் பெண்கள் இப்போது அப்படித்தான் செய்கிறார்களாம், அதைப் படம் எடுத்துப் போட்டால் முன்பின் தெரியாதவர்கள்கூட உருகிப்போகிறார்களாம். புடவையைக் கட்டிலில் விரித்துப் பார்த்தவள், "என்னம்மா இது, இவ்ளோ பெரிய கறை?" என்று கேட்டாள். முப்பது வருடமாகப் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளின் கேள்விகளுக்கு நின்ற இடத்தில் பதில் சொல்லிப் பழகியவள் நான். பழசானால் அப்படித்தான் என்று சொல்லிவிட்டு, அடுப்பில் ஏதோ வைத்திருப்பதுபோல எழுந்து போய்விட்டேன். அடுப்பில் ஒன்றும் இல்லை.

கல்யாணப் புடவையைப் பற்றி நினைக்கச் சொன்னால் பெண்கள் எல்லோரும் தாங்கள் கட்டிய புடவையைத்தான் நினைப்பார்கள். எனக்கு நினைவு வருவது நான் கட்டாத புடவை. அதைப் பற்றி இதுவரை யாரிடமும் பேசியதில்லை, எழுதியதும் இல்லை, என் கணவருக்குக்கூட முழுதாகத் தெரியாது.

எங்கள் ஊர் வலங்கைமானுக்குப் பக்கத்தில் ஒரு சிறு கிராமம். எங்கள் தெருவில் இருந்தவர்கள் எல்லோருமே பிறருடைய வயலில் நட்டு, களை பறித்து, அறுத்துப் பிழைத்தவர்கள். அப்பாவும் அப்படித்தான், ஆனால் வயலில் வேலை இல்லாத கோடை மாதங்களில் அவர் திருபுவனத்தில் ஒரு நெசவுக்காரர் வீட்டுக்கு நூல் அலசிக் காயப்போடும் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தார். அவருக்குக் கல்யாணம் என்று தெரிந்ததும் அந்த வீட்டுக்காரர், விற்க முடியாமல் தங்கிவிட்ட ஒரு பட்டுப்புடவையை எடுத்துக் கொடுத்திருக்கிறார். மாம்பழ மஞ்சள் உடல், அரக்குக் கரை, கரை நெடுகச் சரிகையில் மாங்காய் வரிசை. நெய்யும்போது தறியில் ஏதோ தப்பு நேர்ந்து, முந்தானைக்கு அருகில் ஒரே ஒரு மாங்காய் மட்டும் பாதியில் நின்றுபோயிருந்தது. யாரோ கடித்துவிட்டு வைத்த மாதிரி இருக்கும். அந்த அரை மாங்காயால்தான் ஒரு பட்டுப்புடவை எங்கள் தெருவுக்கு வந்து சேர்ந்தது.

எங்கள் பக்கத்தில் தாலி கட்டும்போது பெண் உடுத்தும் புடவையைக் "கூறைப்புடவை" என்போம். அது மாப்பிள்ளை வீட்டார் எடுத்துத் தர வேண்டியது. தட்டில் தேங்காய் பழத்தோடும் தாலியோடும் அதை வைத்துக் கூட்டத்துக்குள் கொண்டுபோவார்கள், பெரியவர்கள் எல்லோரும் தொட்டு ஆசீர்வதிப்பார்கள், பிறகு பெண் அதை வாங்கிக்கொண்டு உள்ளே போய்க் கட்டிக்கொண்டு வந்து மணையில் உட்காருவாள். ஆக, புடவை ஊர்ப் பார்வைக்குத் தப்ப முடியாது. தொடுகிறவர்களில் பாதிப் பேர் ஆசீர்வதிப்பார்கள், மீதிப் பேர் துணியை விரலால் நெருடிப் பார்த்து, "பட்டா, பாலியஸ்டரா" என்று முடிவு கட்டுவார்கள். இதற்காக எங்கள் தெருவில் ஓர் ஏற்பாடு இருந்தது. கல்யாணத்துக்கு இரண்டு நாள் முன்பு அம்மாவின் பட்டுப்புடவை சத்தமில்லாமல் மாப்பிள்ளை வீட்டுக்குப் போய்விடும். கல்யாணத்தன்று அது மாப்பிள்ளை வீட்டுத் தட்டில் வரும். தெருவில் அத்தனை பேருக்கும் அது யாருடைய புடவை என்று தெரியும், இருந்தும் ஒருவரும் வாயைத் திறக்க மாட்டார்கள், எல்லோரும் முதல் தடவை பார்ப்பதுபோலத் தொட்டுக் கும்பிடுவார்கள். இவ்வளவு பேர் சேர்ந்து இவ்வளவு நன்றாக நடித்ததை நான் அதற்குப் பிறகு எங்கும் பார்த்ததில்லை.

கல்யாணம் முடிந்து மறுவீட்டுக்கு வரும் பெண், புடவையை மடித்து எடுத்துக்கொண்டு அவளே எங்கள் வீட்டுக்கு வருவாள். வெறும் புடவையைத் திருப்பித் தரக் கூடாது. ஒரு பிடி அரிசியும் ஒரு துண்டு மஞ்சளும் முந்தானையில் முடிந்து, "கட்டிட்டேன், நல்லபடியா இருக்கேன்" என்று சொல்லி அம்மாவின் கையில் கொடுக்க வேண்டும். அம்மா வாங்கி, "நல்லா இரு" என்பாள். அவ்வளவுதான் சடங்கு. அரிசியை அம்மா அன்றைய உலையில் போட்டுவிடுவாள். மஞ்சளை ஒரு பழைய பவுடர் டப்பாவில் போட்டு வைப்பாள்.

நான் சொல்லப்போகும் வருடத்தில் அந்த டப்பாவில் ஆறு துண்டு இருந்தன. அம்மாவுக்குப் பிறகு ஆறு பெண்கள் அந்தப் புடவையில் தாலி கட்டிக்கொண்டிருந்தார்கள். எனக்குப் பதினோரு வயது. அம்மா வருடத்துக்கு ஒரு முறை புடவையைக் காற்றாட விரிக்கும்போது பக்கத்தில் உட்கார்ந்து, தோளில் பட்ட சந்தனக் கறை யாருடையது, டிராக்டர் ஆணியில் மாட்டிக் கிழிந்து தைத்த இடம் யாருடையது, அழுத பெண்ணின் கண்மை துடைத்த தடம் யாருடையது என்று வரிசையாகச் சொல்லுவேன். பாடப் புத்தகம் எனக்கு அவ்வளவு மனப்பாடம் ஆனதில்லை. ஆனால் அரை மாங்காய் மட்டும் யாருடையதும் இல்லை, அது என்னுடையது என்று மனதுக்குள் எழுதி வைத்திருந்தேன். அம்மாவின் புடவை என்றால் கடைசியில் எனக்குத்தானே வர வேண்டும் என்பது என் கணக்கு.

அந்த ஐப்பசியில் செல்வி அக்காவுக்குக் கல்யாணம். அடுத்த வீட்டுப் பாக்கியம் பெரியம்மாவின் ஒரே மகள். என்னைவிட எட்டு வயது மூத்தவள், எனக்குத் தலை பின்னிவிட்டதும் வாய்க்காலில் நீச்சல் கற்றுக்கொடுத்ததும் அவள்தான். பாக்கியம் பெரியம்மாவும் அம்மாவும் நடவு வயலில் எப்போதும் பக்கத்துப் பக்கத்தில் நிற்பார்கள். ஒருத்தி நட்ட வரிசை முடியும் இடத்தில் இன்னொருத்தி தொடங்குவாள், நாள் முழுக்க இருவரும் பேசிக்கொண்டே பின்னால் நகர்ந்து போவார்கள். மாப்பிள்ளை நாகூரில் படகுகளுக்குச் சாயம் அடிக்கிறவர். நல்ல பையன், ஆனால் கையில் ஒன்றும் இல்லாதவர். அதனால் புடவை பற்றிய பேச்சே எழவில்லை, அம்மாவின் பட்டு போகிறது என்பது எல்லோரும் எடுத்துக்கொண்ட விஷயம்.

ஒரு நாள் சாயங்காலம் பெரியம்மாவும் செல்வி அக்காவும் புடவையைப் பார்க்க வந்தார்கள். பெரியம்மா புடவையை அக்காவின் தோளில் போட்டு அழகு பார்த்தாள். அக்கா சிரிக்கவும் இல்லை, மறுக்கவும் இல்லை. அரை மாங்காயைப் பார்த்துவிட்டு, "இத மட்டும் உள்ள மடிச்சுட்டா தெரியாது" என்றாள். அம்மாவும், ஆமாம், நானும் அப்படித்தான் கட்டினேன் என்றாள். மூன்று பெரிய மனுஷிகள் சேர்ந்து என் சொத்தை உள்ளே மடித்துப் போட்டது எனக்குப் பொறுக்கவில்லை. அன்று படுத்துக்கொண்டு, தெருவில் எனக்கு மூத்த பெண்கள் இன்னும் எத்தனை பேர் என்று எண்ணிப் பார்த்தேன். செல்வி அக்காவுக்குப் பிறகு நாலு பேர். நாலு சந்தனம், நாலு கண்மை, நாலு கிழிசல். என் முறை வரும்போது அது கரித்துணிக்குத்தான் ஆகும் என்று எனக்கு நன்றாகத் தெரிந்துவிட்டது.

அந்த வருடம் குறுவை அறுப்பு மழையில் மாட்டிக்கொண்டது. வைக்கோல் சரியாகக் காயாமலே கொல்லையில் போர் போட வேண்டியதாகிவிட்டது, அப்பா அதைப் பார்த்துப் பார்த்துப் புலம்பிக்கொண்டிருந்தார். அவர் எதற்குப் புலம்பினார் என்று நான் கவனிக்கவில்லை. எனக்குத் தெரிந்ததெல்லாம், எங்கள் வீட்டில் பத்திரப்படுத்த வேண்டிய எதுவும் வைக்கோலுக்குள்தான் போகும் என்பது. கோழி முட்டை வைக்கோலில் இருக்கும், மாங்காய் வைக்கோலில் வைத்தால்தான் பொன்னாகப் பழுக்கும், வெள்ளரிப்பழம் வெடிக்காமல் இருக்க வைக்கோல்தான். புடவை மாப்பிள்ளை வீட்டுக்குப் போக வேண்டிய நாளுக்கு முதல் நாள் மத்தியானம், அம்மா சம்பா நடவுக்குப் போயிருந்தபோது, புடவையை எடுத்து ஒரு மஞ்சள் பையில் போட்டு, போரின் பின்பக்கம் தோள் மட்டும் கையை விட்டு உள்ளே தள்ளினேன். உள்ளே கதகதப்பாக இருந்தது. வெளியே தூறிக்கொண்டிருந்தது. பட்டு நனையாமல் சூடாக இருக்கும் என்று எனக்கு ரொம்பத் திருப்தி.

கல்யாணம் முடிந்த மறுநாள் எடுத்துப் பெட்டியில் வைத்துவிடலாம் என்பதுதான் என் திட்டம். பொருள் கிடைத்துவிட்டால் பிறகு யார் கேட்கப்போகிறார்கள். பதினோரு வயதுப் புத்தி அவ்வளவு தூரம்தான் போனது.

அம்மா பெட்டியைத் திறந்து பார்த்ததையும், வீட்டைக் குடைந்ததையும், பரணில் இருந்த பானைகளைக்கூட இறக்கிக் கவிழ்த்ததையும் நான் விவரமாக எழுதப்போவதில்லை. பார்த்தாயா என்று என்னைக் கேட்டாள். தலையை ஆட்டினேன். அம்மா என்னைச் சந்தேகிக்கவில்லை, அதுதான் இன்றைக்கும் உறுத்துகிறது. விளக்கு வைக்கும் நேரத்தில் அவள் பாக்கியம் பெரியம்மா வீட்டுக்குப் போனாள், நானும் பின்னாலேயே போனேன். புடவையைக் காணவில்லை என்று அம்மா சொன்னதும் பெரியம்மா புடைத்துக்கொண்டிருந்த முறத்தைக் கீழே வைத்தாள்.

"குடுக்க மனசு இல்லன்னா இல்லன்னு சொல்லிடு ராசாம்பா. காணும்னு சொல்லாத."

அம்மா, "அக்கா" என்று மட்டும் சொன்னாள். பெரியம்மா முறத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

செல்வி அக்காவின் கல்யாணத்தில் தட்டில் வந்தது மாப்பிள்ளை எடுத்திருந்த நீல நிறப் பாலியஸ்டர் புடவை. தொட்டவர்கள் நெருடிப் பார்த்தார்கள். நெருடிவிட்டு, கடைசி வரிசையில் தனியாக நின்றிருந்த அம்மாவைத் திரும்பிப் பார்த்தார்கள். அந்தப் பார்வை புரிந்தபோதுதான் என் திட்டத்தில் இருந்த ஓட்டை எனக்குத் தெரிந்தது. இப்போது புடவையைப் பெட்டியில் வைத்தால், பார், கல்யாணம் முடிந்ததும் புடவை தானாக வந்துவிட்டது என்று சொல்லிவிடுவார்கள்; அம்மா பொய்க்காரி என்பது உறுதியாகிவிடும். எடுக்கவும் முடியாது, எடுக்காமல் இருக்கவும் முடியாது. பள்ளிக்கூடம் விட்டு வந்து கொல்லையில் போரைச் சுற்றிச் சுற்றி வருவேன். சோறு இறங்கவில்லை. அம்மா எனக்குக் காய்ச்சலோ என்று கழுத்தைத் தொட்டுப் பார்த்தாள்.

பத்து நாள் கழித்து மழை விட்டது. அப்பா மாட்டுக்கு வைக்கோல் பிடுங்கப் போனவர், போர் புகைகிறது என்று சத்தம் போட்டார். ஈர வைக்கோலை அடுக்கினால் உள்ளே புழுங்கிச் சூடேறும், விட்டால் மொத்தப் போரும் கெட்டுப்போகும். அப்பா போரைக் கலைத்து வெயிலில் உதறத் தொடங்கினார். ஆவி எழும்பியது, நான் முதலில் சொன்ன வாசனை கொல்லை முழுக்கப் பரவியது. அதற்கு நடுவிலிருந்து மஞ்சள் பை வந்து விழுந்தது.

மடித்த மடிப்பெல்லாம் டிக்காஷன் ஊற்றியதுபோலப் பழுப்பேறியிருந்தது. சரிகை கறுத்துவிட்டது. மடிப்பு முனைகளில் பட்டு இற்று, விரல் பட்டதும் விட்டுக்கொடுத்தது. அம்மா புடவையைப் பார்த்தாள், பையைப் பார்த்தாள், அது நான் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோகும் பை. பிறகு என்னைப் பார்த்தாள். அடி விழும் என்று நினைத்தேன், அடி விழட்டும் என்றுகூட நினைத்தேன். அம்மா என்னைக் கையைப் பிடித்து உள்ளே கூட்டிக்கொண்டு போனாள். நான் அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். இப்போதே பெரியம்மாவிடம் போய்ச் சொல்லிவிடுகிறேன் என்றும் சொன்னேன், அது உண்மையாகத்தான் சொன்னேன்.

அம்மா விடவில்லை. "என்னயக் கொடுக்க மனசில்லாதவன்னுதான் சொல்லுவாங்க, சொல்லிட்டுப் போறாங்க. ஒன்னயத் திருட்டுப் புள்ளன்னு சொல்லிட்டா அது சாவுற வரைக்கும் போகாது. வாயத் தொறக்காத" என்றாள். மிராசுதார் வீட்டில் ஒரு தேங்காய் குறைந்தாலும் எங்கள் தெருவுக்குத்தான் முதலில் ஆள் வரும் காலம் அது. படிக்கிற பெண்ணுக்கு அந்தப் பெயர் வந்தால் என்ன ஆகும் என்று அம்மாவுக்குத் தெரிந்திருந்தது. அப்பாவிடமும் அப்படியே சொல்லிவைத்துவிட்டாள். அந்த ஒரு பேச்சோடு விஷயம் எங்கள் வீட்டுக்குள் முடிந்தது. வெளியே முடியவில்லை.

அந்தச் சம்பா நடவில் பாக்கியம் பெரியம்மா வரிசையின் அந்தக் கோடியில் நின்றாள், அம்மா இந்தக் கோடியில் நின்றாள். அடுத்த வருடமும் அப்படித்தான், அதற்கடுத்த வருடமும் அப்படித்தான். நடுவில் பன்னிரண்டு பெண்கள் குனிந்து நட்டுக்கொண்டிருப்பார்கள். அம்மா பேசாமல் நடுவாள், அதனால் வேகமாக நடுவாள், மற்றவர்கள் அதற்கும் குறை சொல்லுவார்கள். ஆறேழு வருடம் கழித்துப் பெரியப்பா இறந்தபோது அம்மா முதல் ஆளாகப் போய் நின்றாள், அதன் பிறகு இருவரும் பேசிக்கொண்டார்கள். தண்ணீர் வந்ததா, ரேஷனில் அரிசி போட்டார்களா என்கிற பேச்சு. பழைய பேச்சு இல்லை. புடவையைக் கேட்டு அதற்குப் பிறகு ஒருவரும் எங்கள் வீட்டுக்கு வரவில்லை. நான் ஆசைப்பட்டது அப்படியே நடந்தது, பாருங்கள். அந்தப் புடவையை என்னைத் தவிர வேறு யாரும் கட்ட முடியாதபடி செய்துவிட்டேன். என் கல்யாணத்தில் நான் அதைக் கேட்கவில்லை, அம்மாவும் எடுக்கவில்லை.

பெரியம்மா போய்ப் பதினைந்து வருடம் ஆகிறது. போன தையில் அம்மாவும் போனாள். பெட்டியில் புடவைக்கு அடியில் அந்தப் பவுடர் டப்பா இருந்தது. திறந்து பார்த்தேன். வண்டு துளைத்த மஞ்சள் துண்டுகள் ஆறு இருந்தன.

கயலின் கல்யாணப் பத்திரிகையை நேரில் கொண்டுபோய் வைக்க வேண்டிய வீடுகளின் பட்டியலில் நாகூர் செல்வி அக்காவின் பெயரை நானே முதலில் எழுதினேன். வைகாசியில் ஒரு நாள் பஸ் ஏறினேன். பையில் பத்திரிகையும் பூவும் பழமும் இருந்தன, அடியில் புடவையும் இருந்தது. அதை எதற்கு எடுத்துப் போகிறேன் என்று எனக்கே தெளிவாகத் தெரியவில்லை. அக்காவுக்கு இப்போது அறுபது தாண்டிவிட்டது, முழங்கால் வலி, ஆனால் பேச்சு அப்படியே இருக்கிறது. அத்தான் வாசலில் நாற்காலி போட்டுச் செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தார். பத்திரிகை வைத்து, காபி குடித்து, தர்காவுக்கு வந்திருக்கும் கூட்டத்தைப் பற்றிப் பேசி முடித்து, இனிப் பேச ஒன்றும் இல்லை என்று ஆன பிறகு புடவையை எடுத்து அவள் மடியில் வைத்தேன். நாற்பது வருடம் அம்மா மூடி வைத்ததை, அவசர அவசரமாக, ஒரே மூச்சில் சொன்னேன்.

அக்கா புடவையின் பழுப்புக் கறையைத் தடவிக்கொண்டே கேட்டாள். "தெரியும் கொடி" என்றாள். என் பெயர் பூங்கொடி, அவள் மட்டும்தான் அப்படிக் கூப்பிடுவாள். "சாணி எடுக்க வந்தேன் அன்னைக்கு. நீ தோள் மட்டும் போர்க்குள்ள கைய விட்டுக்கிட்டு நின்ன. மஞ்சப் பை வெளிய தெரிஞ்சுச்சு."

ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். அக்கா வாசல் பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். அவள் சொன்னது இதுதான். அந்த நீலப் புடவையை எடுக்க அத்தான் எத்தனை நாள் வெயிலில் படகடியில் படுத்துக்கொண்டு சாயம் அடித்தார் என்று ஆள் மூலம் சொல்லி அனுப்பியிருக்கிறார். ஆறு பேர் கட்டின பட்டைவிட அவளுக்கு அதுதான் வேண்டியிருந்தது. ஆனால் பெற்ற அம்மாவிடம் அதைச் சொல்ல அந்தக் காலத்தில் எந்தப் பெண்ணுக்கு வாய் இருந்தது. நான் புடவையை ஒளித்து வைத்ததைப் பார்த்ததும், கேட்காமலே கிடைத்துவிட்டது என்று பேசாமல் திரும்பிவிட்டாள்.

"எங்கம்மா அந்த வார்த்தயச் சொன்னப்ப நான் கதவுக்குப் பின்னாடிதான் நின்னேன்" என்றாள் பிறகு. "ஒரு வார்த்த சொல்லியிருந்தா போதும். சொல்லல. புதுப் பொடவ ஆச. சின்னம்மா மொகத்த நானும் பாத்தேன் கொடி."

இத்தனை வருடம் அந்தக் குற்றம் முழுக்க என் தலையில் இருந்ததாக நினைத்துக்கொண்டிருந்தேன். பாதி இவளிடம் இருந்திருக்கிறது. பாதி குறைந்ததும் பாரம் குறையும் என்றுதானே யாரும் நினைப்பார்கள். குறையவில்லை. வாயைத் திறந்திருக்க வேண்டிய இரண்டு பேரும் எதிரெதிரே உட்கார்ந்திருந்தோம், எங்கள் இரண்டு பேருக்காகவும் பேச்சு வாங்கியவள்தான் இல்லை. நான் அழுதேன். அக்கா அழவில்லை, மூக்கை உறிஞ்சிக்கொண்டாள். நீலப் புடவை என்ன ஆயிற்று என்று கேட்டேன். இரண்டு பிள்ளைகளுக்குத் தூளியாகி, பிறகு கிழிந்து, சாயம் துடைக்கும் துணியாகி, ஒன்றும் மிச்சமில்லை என்றாள்.

பிறகு அவள் புடவையை எடுத்துக்கொண்டு முழங்காலைப் பிடித்தபடி எழுந்து உள்ளே போனாள். நான் கூடவே போகவில்லை. கொஞ்ச நேரம் கழித்து வெளியே வந்தபோது, உடுத்தியிருந்த நூல் புடவைக்கு மேலேயே அந்தப் பட்டைச் சுற்றிக் கட்டியிருந்தாள். இற்ற இடங்களில் இரண்டு மூன்று கீறல் விழுந்துவிட்டது, அதை அவளும் பொருட்படுத்தவில்லை, நானும் பொருட்படுத்தவில்லை. கரையில் அரை மாங்காய் வெளியே தெரியும்படி முந்தானையைத் திருப்பிப் போட்டிருந்தாள். அத்தான் செய்தித்தாளுக்கு மேலே பார்த்தார். விஷயம் எதுவும் தெரியாத மனிதர், ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, "ஒனக்கு நீலந்தான் எடுப்பு" என்றார். அக்கா சமையல் கட்டுக்குள் போய் ஒரு பிடி அரிசியும் ஒரு துண்டு மஞ்சளும் எடுத்து வந்தாள். அவிழ்த்து மடித்த புடவையின் முந்தானையில் அவற்றை முடிந்தாள். இரண்டு கையாலும் என்னிடம் நீட்டினாள்.

"கட்டிட்டேன் சின்னம்மா. நல்லபடியா இருக்கேன்."

அவள் என்னைப் பார்த்துச் சொல்லவில்லை, புடவையைப் பார்த்துச் சொன்னாள். சொல்லிவிட்டுக் காத்திருந்தாள். அதற்குப் பதில் ஒன்று உண்டு, அதைச் சொல்ல வேண்டியவள் இல்லாததால் நான்தான் சொல்ல வேண்டும் என்று புரிய எனக்குக் கொஞ்ச நேரம் ஆனது. என்னைவிட எட்டு வயது மூத்தவளைப் பார்த்து, அம்மாவின் இடத்திலிருந்து, "நல்லா இரு" என்று சொன்னேன்.

கயலிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அவள் முகூர்த்தத்துக்குப் புதுப் புடவையே எடுத்துக்கொண்டாள், மாலை வரவேற்புக்குத் தஞ்சாவூரில் ஒரு கடையிலிருந்து ஒரே நாளைக்கு வாடகைக்கு ஓர் உடை எடுத்து, மறுநாளே பெட்டியில் போட்டுத் திருப்பி அனுப்பினாள். அதில் யாரும் அரிசி முடியவில்லை. கறை இருக்கிறதா என்று கடைக்காரப் பெண் மட்டும் விளக்கடியில் பிடித்துப் பார்த்து வாங்கிக்கொண்டாளாம். எங்கள் ஊரில் இப்போது வைக்கோல் போர் கிடையாது, அறுத்த மறுநாளே இயந்திரம் வைக்கோலை உருளை உருளையாகச் சுருட்டி லாரியில் ஏற்றிவிடுகிறது. தெருவில் ஒவ்வொரு வீட்டிலும் ஒன்றுக்கு நாலாகப் பட்டு இருக்கிறது, இரவல் கேட்க யாருக்கும் அவசியம் இல்லை. நல்லதுதான், அதில் எனக்கு வருத்தம் ஒன்றும் இல்லை. அந்த நடவு வரிசையில் நின்றவர்களில் இன்னும் மூன்று நான்கு பேர் இருக்கிறார்கள், அவர்கள் வீட்டுப் பிள்ளைகள் யாராவது இதைப் படித்தால் வாய்விட்டுப் படித்துக் காட்டுங்கள்: ராசாம்பாள் கொடுக்க மனசில்லாமல் இருந்தவள் இல்லை, புடவை நிஜமாகவே காணாமல்தான் போயிருந்தது, அதை எடுத்தவள் அவள் மகள்.

நாகூரிலிருந்து திரும்பிய அன்றே அரிசியை உலையில் போட்டுவிட்டேன். மஞ்சளை டப்பாவில் போட்டேன். இப்போது ஏழு இருக்கிறது.